சுவிட்சைப் போடுவதற்கு முன்

அத்தியாயம் 6: வீட்டுக் கொட்டிலும் மின் கருவிகளும்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது வீட்டைப் பற்றிய கதைதான் முதலில் வரும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, குமருக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெற்றவர்கள் தலையில் விழும் கடமை. சுவர் எழுப்பவே கடன்பட்ட மனிதரிடம் கதவு நிலைக்கும் யன்னலுக்கும் காசு மிஞ்சாது. அதனால் மூத்த மகனோ மச்சானோ ஒரு கிரைண்டரையும் ஒரு கை வட்ட வாளையும் வாங்கிக்கொண்டு வளவின் ஓரத்தில் தகரக் கொட்டில் ஒன்றைப் போடுகிறார். முதலில் சொந்த வீட்டுக் கதவு, பிறகு பக்கத்து வீட்டு அலுமாரி, அதற்குப் பிறகு சந்திக் கடைக்கு ராக்கை. ஆறு மாதத்தில் ஓடாவி வேலை ஓரளவு கைக்கு வந்துவிடுகிறது. கருவியோடு எப்படிப் பழகுவது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்த நூலைக் கையில் எடுத்திருக்கும் நீங்களும் அப்படி ஒருவர் என்று எண்ணியே எழுதுகிறேன். பெரிய தளபாடத் தொழிற்சாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளை மூடி மறைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பார்வையிட அதிகாரி வருவார். வளவு ஓரத்துத் தகரக் கொட்டிலுக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கே முதலாளியும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள், பரிசோதகரும் நீங்கள்தான்.

எனது இடது கைச் சுட்டுவிரலுக்கு நகம் இல்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறி வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு முழுவதும் இந்தக் கரை நெடுகிலும் சுத்தியல் சத்தமும் வாள் சத்தமும்தான். எல்லாருக்கும் கதவு வேண்டும், எல்லாருக்கும் அவசரம். நான் வேலைக்கு நின்ற கொட்டிலில் இரும்புச் சட்டத்தில் ஒரு மோட்டரைப் பூட்டி, பெல்ட் போட்டு, மேசையின் நடுவே வட்ட வாள் பிளேட்டை நிறுத்தியிருந்தார்கள். மூடி கிடையாது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு, அன்றைய கடைசிச் சட்டம், அதிலும் கடைசி அரை அடி. விரல் நுனி போனது எனக்குத் தெரியவில்லை. மரத்தூள் சிவந்திருந்ததைத்தான் முதலில் கண்டேன்.

கையைச் சட்டென்று இழுத்திருந்தால் தப்பியிருப்பேனே என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள, அதாவது பத்து அங்குல பிளேட் ஒன்று நிமிடத்துக்கு 4,000 தடவை சுழன்றால், அதன் விளிம்பு செக்கனுக்கு 52 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 188 கிலோமீற்றர். பிளேட்டில் 24 பற்கள் இருந்தால் ஒரு செக்கனுக்கு 1,600 பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகும். கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு செக்கன் பிடிக்கும். அதற்குள் 320 பற்கள் போய்விடும். எந்த மனிதனாலும் இழுத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999 இல் இதற்கு ஒரு வழி கண்டார். விரல் பட்டவுடனேயே மின் அடையாளத்தால் அறிந்து, ஏறக்குறைய ஆயிரத்தில் ஐந்து செக்கனுக்குள் பிளேட்டை நிறுத்திவிடும் ‘சோஸ்டாப்’ என்ற மேசை அது. 2004 இல் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டில் மேசை வாளால் காயப்பட்டு ஆண்டுக்குச் சுமார் முப்பதாயிரம் பேர் வைத்தியத்துக்குப் போகிறார்கள் என்ற கணக்கு அந்தக் கண்டுபிடிப்போடு சேர்த்தே பேசப்படுவது வழக்கம். நமது கொட்டில்களுக்குக் கட்டுபடியாகிற விலையில் அந்த மேசை இல்லை. ஆகவே நமக்கு இருக்கிற வழி ஒன்றுதான். செய்ய வேண்டிய காப்பு அத்தனையையும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும். சுவிட்சைப் போட்ட பிறகு உங்கள் திறமைக்கு அங்கே இடமில்லை.

கிரைண்டரில் மரம் அரிய வேண்டாம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

நாலு அங்குல கிரைண்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. இரும்பு வெட்ட, வெல்டிங்கைத் தேய்க்க, டைல் வெட்ட என்று வாங்குவது. பிறகு கடையில் பல் வைத்த மரம் அரியும் பிளேட் தொங்குவதைக் கண்டு அதையும் வாங்கி அதே கிரைண்டரில் பூட்டுகிறார்கள். கை வட்ட வாள் வாங்குகிற காசு மிச்சம். பல் பிளேட்டுக்கு மூடி இடைஞ்சல் என்று மூடியையும் கழற்றிவிடுகிறார்கள். பக்கக் கைப்பிடி எங்கே என்று கேட்டால், பெட்டிக்குள் கிடக்கும் என்பார்கள்.

கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுழல்கிறது. நாலு அங்குல பிளேட்டின் விளிம்பில் அது மணிக்கு 207 கிலோமீற்றர் வேகம். இரும்பு வெட்டும் தட்டு தேய்த்துத் தேய்த்து வெட்டும். பல் பிளேட் கடித்து இழுக்கும். மரத்தில் ஒரு கணுவோ ஆணியோ பட்டவுடன் பல் அங்கே பிடித்துக்கொள்கிறது. பிளேட் நிற்க, அதன் வேகம் முழுவதும் கருவிக்கு வந்து, கருவி கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்கிறது. பாயும் திசையில் உங்கள் தொடையோ கழுத்தோ முகமோ இருக்கும். கை வட்ட வாளுக்கு மரத்தில் படிந்து நிற்க ஓர் அடித்தட்டு உண்டு, கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும் மூடி உண்டு, விரலை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்ச் உண்டு. கிரைண்டரில் இந்த மூன்றும் இல்லை. பெரும்பாலானவற்றில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் நீங்கள் கீழே போட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னும் மோசமான ஒன்றையும் கண்டிருக்கிறேன். நாலு அங்குல கிரைண்டரில் மூடியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டைப் பூட்டுவது. வெட்டும் தட்டுகளின் முகத்தைப் பாருங்கள்: செக்கனுக்கு 80 மீற்றர் என்று பெரும்பாலும் அச்சடித்திருக்கும். அதுதான் அந்தத் தட்டு தாங்கும் உச்ச வேகம். ஏழு அங்குலத் தட்டை 11,000 சுழற்சியில் ஓட்டினால் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றரைத் தாண்டுகிறது. தட்டு வெடித்தால் துண்டுகள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தட்டில் எழுதியிருக்கும் சுழற்சி எண், கருவியில் எழுதியிருக்கும் எண்ணை விடக் குறைவாக இருந்தால் அந்த இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது.

என்னிடம் வேலை பழக வந்த ஒரு பிள்ளை ஒரு நாள் சொன்னான்: “ஒரு வெட்டுத்தானே காக்கா, மூடியப் பூட்டினா கோடு தெரியிதில்ல.”

“கோடு தெரியாட்டி லைட்டத் திருப்பி வை தம்பி. மூடியில கை வைக்காத.”

அவன் அன்று முகத்தைச் சுளித்தான். எத்தனை விபத்துக் கதைகளைக் கேட்டாலும் அந்த ‘ஒரு வெட்டு’ நடுவில் வந்துவிடும். நூறு பலகை அரியும்போது மனிதன் ஆயத்தத்தோடு இருக்கிறான். வேலை முடிந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, கதவின் ஓரம் ஒரு நூல் கூடிவிட்டது, அதை மட்டும் எடுத்துவிடுவோம் என்று நிற்கிறபோதுதான் கண்ணாடி போடாமல், மூடி இல்லாமல், பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு அரிகிறான். அந்த ஒரு நூலுக்கு நமது மூத்தவர்கள் சீவுளியைத்தான் எடுத்தார்கள். இன்றும் அதற்குச் சரியான கருவி சீவுளியே.

மரம் திருப்பி அடிப்பது

மேசை வாளானாலும் கை வட்ட வாளானாலும், விரலை வெட்டுவதற்கு அடுத்த பெரிய ஆபத்து மரம் திருப்பி அடிப்பது. மேசை வாளில் பிளேட்டின் முன் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின் பற்கள் மேலெழுந்து வருகின்றன. அரிந்த பிளவு பின்னால் ஒடுங்கினால், அந்தப் பின் பற்கள் மரத்தைப் பற்றித் தூக்கி உங்கள் வயிற்றுக்கு எறியும். அப்போது மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேட்டின் மேல் விழும். என் விரலும் அப்படித்தான் போனது.

பிளவு ஏன் ஒடுங்குகிறது? ஈரம் காயாத மரம் அரியும்போதே உள்ளே முறுகும். ஆற்றங்கரை மருதும் புதிதாக விழுந்த வேம்பும் இதில் பேர்போனவை. பலகையின் இரண்டு முனைகளுக்கும் மட்டும் கட்டை வைத்துவிட்டு நடுவில் அரிந்தால் பலகை நடுவில் தொய்ந்து பிளேட்டை நெரிக்கும். கை வாளால் மரம் இழுத்த பழைய ஆட்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வாள் நகர நகரப் பிளவுக்குள் ஆப்பு வைத்துக்கொண்டே போவார்கள். ஆப்பசைத்த குரங்கின் கதை சிறு வயதில் எல்லாரும் கேட்டதுதான். தச்சர்கள் பாதி அரிந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தில் அது உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கியது. ஆப்புப் போனால் மரம் எவ்வளவு பலமாக மூடும் என்று அந்தக் கதையைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய மேசை வாளில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற சிறிய இரும்புத் தகடுதான் அந்த ஆப்பு. அதைப் பலர் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் மேசை வெல்டிங் கடையில் செய்ததாக இருந்தால், அதே கடையில் பிளவின் அகலத்துக்கு ஒரு மயிரிழை குறைவான தகடு ஒன்றை பிளேட்டின் முதுகோடு நேராக நிற்கும்படி பூட்டித் தரக் கேளுங்கள். மேலே ஒரு மூடியும், பெல்ட்டுக்கு ஒரு தகரப் பெட்டியும் கூடவே கேளுங்கள். மேசை செய்யக் கொடுத்த காசோடு பார்த்தால் இது சிறிய செலவு.

பிளேட்டை மரத்துக்கு மேல் ஒரு பல் உயரம் தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். பிளேட் நிற்கும் நேர்கோட்டில் உடம்பை வைக்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். கை பிளேட்டுக்கு ஒரு சாணுக்குக் கிட்டப் போகிறதென்றால் அங்கே கைக்கு வேலை இல்லை. தள்ளு கட்டை போகட்டும். ஓர் அடி நீளப் பலகைத் துண்டின் நுனியில் பலகையைக் கவ்வுகிற மாதிரி ஒரு மூலை வெட்டிவிட்டால் தள்ளு கட்டை தயார். இரண்டு செய்து மேசைக் காலில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேட வேண்டிய இடத்தில் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பழைய மரத்தைப் பற்றி ஒரு சொல். இடித்த வீட்டு நிலை, உடைந்த தோணிப் பலகை, பலட் மரம் எல்லாம் இங்கே நிறையப் புழங்குகின்றன. அவற்றில் ஆணி மறைந்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைப் பலகையின் மேல் இழுத்துப் பாருங்கள். ஆணி தலை காட்டாவிட்டாலும் காந்தம் காட்டிக் கொடுக்கும். பித்தளை ஆணியைக் காந்தம் பிடிக்காது, ஆகவே தோணி மரத்தைக் கண்ணாலும் தேடுங்கள்.

கரண்ட்

இந்தக் கரையில் உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்கிறது. பிளக் முள் பச்சை பிடிக்கும், சுவிட்சுக்குள் துரு ஏறும், வயரின் தோல் வெடிக்கும். மார்கழி மழையில் கொட்டிலின் மண்தரை நனைந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு உடம்புள்ள கருவியைப் பிடித்தால், வயர் ஒழுகுகிற அன்று 230 வோல்ட்டும் உங்கள் ஊடாகத்தான் நிலத்துக்குப் போகும்.

இதற்கு முதல் காவல் டிரிப் சுவிட்ச். 30 மில்லி அம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நமது நாட்டில் எர்த் கம்பியை வீட்டுக்காரரின் வளவிலேயே அடிக்கிறார்கள். நமது நிலம் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் காய்ந்து போனால் எர்த் கம்பி சரியாகக் கடத்தாது. அந்த நேரத்தில் உங்கள் உயிருக்குப் பொறுப்பு டிரிப் சுவிட்சிடம்தான். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், கரண்ட் பில் வருகிற நாளென்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அழுத்துங்கள். வீடு முழுவதும் அணைந்தால் நல்லது. அணையாவிட்டால் அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள். அடிக்கடி விழுகிறது என்று டிரிப் சுவிட்சை விலத்தி நேர் லைன் எடுத்துக் கொடுக்கும் ஆட்களை வளவுக்குள் விடாதீர்கள். அது விழுவது எங்கோ ஒழுக்கு இருப்பதால்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளில் இரண்டு உருண்டை முள் பிளக் இருக்கும். நமது 13 அம்பியர் பொயின்டில் மேல் துளைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தி அதைச் செருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அது சரியாகப் பிடிக்காது, ஆடும், பொறிக்கும், சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். பக்கத்தில் மரத்தூள் குவிந்திருந்தால் தீ. பிளக்கை வெட்டிவிட்டு, பியூஸ் உள்ள 13 அம்பியர் சதுர முள் பிளக்கைப் பூட்டுங்கள். கருவியின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி, எர்த் வயர் தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத இரும்பு உடம்புக் கருவிக்கு எர்த் கட்டாயம்.

2,000 வாட் வாள் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். ரேடியோவுக்கும் மின்விசிறிக்கும் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அதைத் தாங்காது. செம்பு 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சுருளாகக் கிடக்கும் வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டே பாவியுங்கள், சுருண்டு கிடந்தால் அதற்குள்ளேயே வெப்பம் தேங்கும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். வேலை நடுவில் கரண்ட் போகும்; கிரைண்டரை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம்; சுவிட்ச் போட்டபடியே இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் அது தானாக எழுந்து ஓடும். கரண்ட் வெட்டு இன்று குறைந்திருக்கலாம், மழைக்கும் காற்றுக்கும் லைன் போவது நிற்கவில்லை. கரண்ட் போனவுடன் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிளேட் மாற்றும்போதும் அதே விதி. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வெளியே கிடக்க வேண்டும்.

சாரன், தாடி, கையுறை

மருதமுனைக் கைத்தறிச் சாரன் நமது பெருமை. கொட்டிலில் அது வேண்டாம். சாரன் நுனி டிரில் பிட்டிலோ பெல்ட்டிலோ சிக்கினால் துணி சுருண்டு உங்களையும் சேர்த்து இழுக்கும். காற்சட்டை போடுங்கள், சேர்ட்டின் கை நீளமாக இருந்தால் முழங்கைக்கு மேல் இறுக்கி மடியுங்கள். மோதிரம், மணிக்கூடு இரண்டையும் கழற்றி வையுங்கள். மண்தாள் போடவும் வார்னிஷ் பூசவும் வீட்டுப் பெண்கள் கைகொடுப்பது வழக்கம். சாண்டர் மெசினைப் பிடிப்பவர் முக்காட்டின் தொங்கலைச் சட்டைக்குள் செருகிப் பின் குத்திக்கொள்ளட்டும்.

கையுறை போட்டால் கைக்குக் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் கருவியில் அது எதிர்மாறு. பல்லில் நூல் சிக்கினால் கையுறை கையை உள்ளே இழுத்துவிடும். பலகை தூக்கும்போது கையுறை போடுங்கள், வாள் பிடிக்கும்போது கழற்றுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு போதாது. மூடிய சப்பாத்து வேண்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி. பக்கமும் மூடியது. வெயில் கண்ணாடியோ வாசிக்கும் கண்ணாடியோ இதற்கு உதவாது. காதுக்குக் காப்பு. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 100 டெசிபெல்லுக்கு அதே கணக்கில் பதினைந்து நிமிடம்தான். வட்ட வாள் அந்த 100 ஐச் சாதாரணமாகத் தொடும். காது போவது வலிக்காது. பள்ளியில் பயான் சொல்வது தெளிவாகக் கேட்கவில்லை என்று தொடங்கும்போது போனது போனதுதான்.

தூசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1995 இலேயே மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருட்களில் சேர்த்தது. மூக்குக்குள்ளும் மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்துகளிலும் வரும் புற்றுநோய் அது. முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளமும் அரிப்பும் வரும், தேக்கும் அப்படி. கண்ணுக்குத் தெரிகிற தூள் மூக்கிலேயே நின்றுவிடும். சாண்டர் மெசினிலிருந்து எழுந்து வெயில் கீற்றில் மட்டும் தெரிகிற மெல்லிய தூசுதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. முகத்தில் கட்டுகிற லேஞ்சி அதைத் தடுக்காது. அதற்கென்று உள்ள என்95 போன்ற முகமூடி தடுக்கும், ஆனால் அது தோலோடு ஒட்டிப் படிய வேண்டும். தாடி வைத்தவருக்கு அது படியாது. ஓரத்தால் தூசு புகும். தாடியை எடுக்கச் சொல்வது என் வேலை இல்லை. தாடியுள்ளவர் தூசை எழும்பவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்: சாண்டருக்கு வெக்யூம் பூட்டுங்கள், மெசின் வேலையைக் கொட்டிலுக்கு வெளியே செய்யுங்கள், காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து அடிக்கும்படி நில்லுங்கள், மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வேலிக்கு வேலி வீடு. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும்போது அந்தப் பக்கத்தில் யாருடைய குசினி இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கிரைண்டரில் இரும்பு வெட்டும் பொறி மரத்தூள் குவியலில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளே கனன்று இரவில் எரியும். இரும்பு வேலையை வேறு மூலைக்குக் கொண்டுபோங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதை விரித்துக் கொடியில் காயப் போடுங்கள்.

நேரம்

நோன்பு மாதத்தில் பெருநாளைக்கு முன் கட்டில், அலுமாரி முடித்துத் தர வேண்டும் என்று எல்லாரும் நெருக்குவார்கள். ஸஹருக்கு எழுந்த தூக்கக் கலக்கம், நாக்கு வறண்ட அஸர் நேரம், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிற பரபரப்பு. அந்த நேரத்தில் பிளேட் ஓடக் கூடாது. அரிகிற வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். லுஹருக்குப் பிறகு பசை பூசுவது, ஆணி அடிப்பது, மண்தாள் போடுவது. தராவீஹுக்குப் பிறகு மெசின் வேண்டாம்; அயலுக்கும் உறக்கம் வேண்டும். அல்லாஹ் காப்பாற்றுவான் என்று சொல்லிக்கொண்டு மூடி இல்லாத வாளைத் தொடுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன்: ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பாங்கு ஒலிக்கும்போது கருவியை வைத்துவிட்டு எழுகிறோம். அப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் லுஹர், அஸர், மஃரிப் என்று மூன்று முறை வரும். தொழுதுவிட்டு வந்து திரும்பச் செருகுவதற்கு முன் பிளேட் நட் இறுக்கமா, மூடி ஆடுகிறதா, வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு கண் பார்ப்பது. அரை நிமிட வேலை. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். நீங்கள் பள்ளிக்குப் போன பதினைந்து நிமிடத்தில் ஆறு வயதுப் பிள்ளை நீங்கள் செய்ததைச் செய்து பார்க்கும். கொட்டிலுக்குப் படலையும் படலைக்குப் பூட்டும் வேண்டும்.

காயம் பட்டுவிட்டால்

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். நின்றுவிட்டதா என்று திறந்து திறந்து பார்க்காதீர்கள். பத்து நிமிடம் அப்படியே அழுத்தியிருங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் போட வேண்டாம். வைத்தியர் அதைக் கழுவி எடுக்கும்போது வலி இரட்டிப்பு, கிருமியும் மிச்சம்.

விரல் துண்டாகிவிட்டால் தூள் போகுமளவுக்குச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருள்ள இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் விரலில் நேராகப் படக் கூடாது, பட்டால் தசை உறைந்து கெட்டுப் பொருத்த முடியாமல் போகும். கண்ணில் துண்டு குத்தி நின்றால் பிடுங்காமல், தேய்க்காமல், ஒரு கோப்பையால் மூடிக்கொண்டு போங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. பெரிய காயமானால் அங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வரலாம். ஆகவே வீட்டில் நேரத்தைக் கடத்த வேண்டாம். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். தனியாக வேலை செய்வதென்றால், மெசின் சத்தம் திடீரென்று நின்றால் வந்து எட்டிப் பார்க்கும்படி வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த அத்தியாயம் சட்டம் இணைக்கும் மூட்டுகளைப் பற்றியது. அதற்குப் போகுமுன் எழுந்து போய் உங்கள் கிரைண்டரை எடுத்துப் பாருங்கள். மூடி இருக்கிறதா? பக்கக் கைப்பிடி இருக்கிறதா? அதில் மரம் அரியும் பிளேட் பூட்டியிருந்தால் இப்போதே கழற்றி எடுங்கள். மூடி தொலைந்திருந்தால் அது கிடைக்கும்வரை அந்தக் கிரைண்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கதவு ஒரு வாரம் பிந்தினால் கலியாண வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்.